பேசாத பிள்ளை எங்கே பேசும்? கருத்துக்களம், புலனம், நேரலை, நேரடி வகுப்பு: ஒரு விரிவுரையாளரின் ஒப்பீடு

போன மாதம் பினாங்கிலிருந்து ஒரு தங்கை அழைத்தாள். அங்கே ஒரு கல்லூரியில் புதிதாகத் தமிழ் கற்பிக்கச் சேர்ந்திருக்கிறாள். முதலாமாண்டு, எழுபது மாணவர்கள். "அக்கா, பாடத்திட்டத்தில் இயங்கலை (ஆன்லைன்) கலந்துரையாடலுக்குப் பத்து விழுக்காடு என்று போட்டிருக்கிறார்கள். மூடுலில் ஃபோரம் திறக்கவா, புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலேயே முடித்துவிடவா?" என்று கேட்டாள். மூடுல் என்பது இணையவழிக் கற்றல் தளம். அதிலுள்ள ஃபோரத்தைத்தான் கருத்துக்களம் என்கிறேன்.

அதே வாரம் கோலாலம்பூரில் மாலை வகுப்பு எடுக்கும் நண்பர் ஒருவர் வேறு மாதிரி கேட்டார். அவரிடம் இருப்பது இருபத்திரண்டு பேர்தான். எல்லாரும் பகலில் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள். வாரம் ஒரு முறை நெரிசலில் ஊர்ந்து வகுப்புக்கு வந்து சேர்வதே அவர்களுக்குப் பெரிய பாடு. "டுட்டோரியலை (சிறு குழுக் கலந்துரையாடல் வகுப்பை) எடுத்துவிட்டு முழுக்கக் கருத்துக்களத்துக்கு மாறிவிட்டால் என்ன?"

இருவருக்கும் தொலைபேசியில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இது கேட்டவுடன் ஒரு சொல்லில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. கோலாலம்பூரில் பல ஆண்டுகளாக மொழியியலும் இலக்கியமும் நடத்துகிறேன். நான்கு வழிகளையும் கையாண்டிருக்கிறேன். பார்த்ததை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

என் முதல் அளவுகோல், அந்த வழியில் யார் வாய்மூடிப் போகிறார்கள் என்பது. பேசுகிற பிள்ளைகள் எங்கே விட்டாலும் பேசிவிடுவார்கள். அவர்களை வைத்து ஒரு வழி நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு வழியும் வேறு வேறு ஆளை அமுக்குகிறது. நேரடி வகுப்பு கூச்சக்காரரை அமுக்கும். நேரலை, இணைய லைன் சரியில்லாத வீட்டில் இருப்பவரை அமுக்கும். புலனம் வேலைக்குப் போகிறவரை அமுக்கும், கருத்துக்களம் தட்டச்சு வராதவரை அமுக்கும். உங்கள் வகுப்பில் இவர்களில் யார் அதிகம் என்று தெரிந்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

இரண்டாவது, நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எப்படிப்பட்டது என்பது. "இடுபணியை (அசைன்மென்ட்டை) எப்போது கொடுக்க வேண்டும்?" என்பதும் ஒரு கேள்விதான், "மலேசியத் தமிழைத் தனி வட்டார வழக்கு என்று சொல்லலாமா?" என்பதும் ஒரு கேள்விதான். முன்னதற்கு ஒரு நொடி போதும். பின்னதற்கு இரண்டு நாள் மனத்தில் போட்டு உருட்ட வேண்டும்.

மூன்றாவது மணிக்கணக்கு. இதைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரக் கற்றல் என்பது மலேசியத் தகுதி முகமையின் கணக்கு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். விரிவுரை, டுட்டோரியல், இடுபணி, தேர்வுக்குப் படிப்பது எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். ஒரு மாணவர் திறன்பேசியில் 200 சொல் தமிழில் எழுதி, வேறு ஐந்து பேர் எழுதியதைப் படித்து, ஒருவருக்கு உருப்படியாகப் பதில் போட இரண்டு மணி நேரமாவது ஆகும். பருவத்தில் ஐந்து சுற்று என்றால் பத்து மணி நேரம். பாடத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு அதிலேயே போய்விடுகிறது. வேறு எதையும் குறைக்காமல் இதை மேலே ஏற்றினால் பிள்ளைகள் ஏனோதானோவென்று எழுதுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

நான்காவது பதிவு. பருவ முடிவில் பாடக் கோப்பில் வைக்கவும், மதிப்பெண்ணை யாராவது கேட்டால் எடுத்துக் காட்டவும் ஏதாவது இருக்க வேண்டும்.

## கருத்துக்களம்

என் முதல் கருத்துக்களத்தை இன்றும் மறக்க முடியவில்லை. "திருக்குறள் கூறும் நிர்வாகச் சிந்தனைகள் பற்றிக் கருத்துரைக்கவும்" என்று ஒரு தலைப்பைப் போட்டு ஒரு வாரம் அவகாசம் கொடுத்தேன். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஞாயிறு இரவு பத்து மணி வரை நான்கு பதிவுகள். பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் மற்ற முப்பத்து நான்கும் வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் அதே 'இடிப்பாரை இல்லாத' குறள், அதே விளக்கம். கீழே பதில்களைப் பார்த்தால் "உங்கள் கருத்து மிக அருமை தோழி", "நானும் இதையே ஆமோதிக்கிறேன்". முப்பத்தெட்டுப் பேருக்கும் மதிப்பெண் போட்டுவிட்டு, இதில் யார் யாரோடு பேசினார்கள் என்று யோசித்தேன். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை.

குற்றம் கேள்வியில் இருந்தது. முப்பத்தெட்டுப் பேரும் ஒரே பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டால் கலந்துரையாட ஒன்றும் இருக்காது. அடுத்த பருவம் சமூக மொழியியல் பாடத்தில் இப்படிக் கேட்டேன்: "உங்கள் வீட்டில் புழங்கும், ஆனால் தமிழ்நாட்டார் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கும் மூன்று சொற்களைக் கொடுங்கள். யார், எப்போது, யாரிடம் சொன்னது என்று எழுதுங்கள்."

அன்றைக்குத்தான் கருத்துக்களம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. பசார், ரோத்தான், மண்டோர், கிராணி, தாப்பாவ் என்று சொற்கள் வந்து குவிந்தன. தாப்பாவை மலாய்ச் சொல் என்று ஒரு மாணவி எழுதினாள். கெப்போங்கில் ஒரு சீனக் கடையில் பகுதிநேரம் வேலை செய்கிற பையன் மறுநாள் பதில் போட்டான்: அது கேன்டனீஸ், பொட்டலம் கட்டுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள், என் முதலாளியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன் என்று. இன்னொருத்தி, "நாம் மட்டுமா வாங்கினோம்? மலாய்க்காரர்கள் சொல்லும் கெடாய் நம் கடைதானே, காப்பால் நம் கப்பல்தானே" என்று எதிர்ப்பக்கமாக இழுத்தாள். மூன்று நாள் ஓடியது. நான் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அதற்குள் ஒரு பதிவு, அதிகாலை இரண்டரை மணிக்கு மேல் போட்டது. தெலுக் இந்தான் பக்கத்துப் பெண். பதினொரு வாரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு முறைகூட வாய் திறக்காதவள். தோட்டத்து மேற்பார்வையாளரைக் குறிக்கும் மண்டோர் என்ற ஒரே சொல்லைப் பற்றி நானூறு சொல்லுக்கு மேல் எழுதியிருந்தாள். தோட்டம் மூடி வீடமைப்புப் பகுதிக்கு வந்து இருபது ஆண்டு ஆன பிறகும் பாட்டி அந்த மனிதரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை, "மண்டோரு" என்று சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடும், அந்த ஆள் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது என்று. மொழியும் அதிகாரமும் பற்றி நான் இரண்டு மணி நேரம் விரிவுரை ஆற்றியும் சொல்ல முடியாததை அந்தப் பதிவு சொன்னது. நேரடி வகுப்பு மட்டும் இருந்திருந்தால் அவளுக்கு அப்படி எழுத வரும் என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

எனவே கருத்துக்களத்தின் முதல் பலம் அவகாசம். இரண்டாவது பலம், எழுதியது அங்கேயே இருக்கும். பத்தாவது வாரத்தில் "மூன்றாம் வாரம் நீங்களே என்ன எழுதினீர்கள், போய்ப் பாருங்கள்" என்று சொல்லலாம். மதிப்பெண்ணுக்குச் சான்றும் அதுவே.

கேள்விக்கு அடுத்தபடி முக்கியம் அமைப்பு. ஆஸ்திரேலியரான மார்ட்டின் டுகியாமாஸ் உருவாக்கி 2002இல் முதல் பதிப்பு வெளியிட்ட மூடுலைத்தான் இங்கே பல பல்கலைக்கழகங்கள் வேறு பெயர் சூட்டி வைத்திருக்கின்றன. அதில் கருத்துக்களம் திறக்கும்போது வகையைக் கேட்கும். பலரும் பார்க்காமல் கடந்துபோகும் இடம் அது. கேள்வி பதில் வகையைத் தேர்ந்தெடுத்தால், தன் பதிலைப் போட்ட பிறகுதான் மற்றவர் பதில்கள் ஒருவருக்குத் தெரியும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவது பெருமளவு நின்றுவிடும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பதிவைத் திருத்துவதற்கான நேரம், வழக்கமாக 30 நிமிடம், கடந்த பிறகுதான் மற்றவை திறக்கும். இதைச் சொல்லாமல் விட்ட ஒரு நாள் இரவு "அம்மா, நான் போட்டுவிட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்று எனக்குப் பதினேழு செய்திகள் வந்தன.

வகுப்பு பெரிதானால் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, குழுக்களைத் தனித்தனியாக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். எழுபது பதிவை எந்த மாணவரும் படிக்க மாட்டார். ஒன்பது பதிவை வாசிப்பார்.

இனி மறைவான செலவுகள். முதலாவது ஆசிரியரின் வாசிப்பு. நாற்பது மாணவர், ஆளுக்கு இரண்டு பதிவு, பதிவுக்கு 150 சொல் என்றால் ஒரு சுற்றுக்கு 12,000 சொல். நிமிடத்துக்கு 200 சொல் என்று வேகமாகப் படித்தாலும் ஒரு மணி நேரம். மதிப்பெண்ணும் பின்னூட்டமும் சேர்த்தால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. பதினான்கு வாரமும் இதைச் செய்வேன் என்று சொல்லித் தொடங்குகிறவர்கள் ஐந்தாவது வாரத்தில் படிக்காமலே மதிப்பெண் போடத் தொடங்குவார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். நான் பருவத்துக்கு நான்கு சுற்றுக்கு மேல் வைப்பதில்லை.

இரண்டாவது செலவு தமிழ்த் தட்டச்சு. தமிழ்த்துறை மாணவர்களுக்கே இது தடை என்பதை நம்ப எனக்கு நாளானது. கையால் அழகாக எழுதுகிறவர்கள் திறன்பேசியில் ரோமன் எழுத்தில்தான் தமிழ் எழுதிப் பழகியிருக்கிறார்கள். கருத்துக்களத்தில் தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னால் பத்துச் சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். கருத்து இல்லாமல் இல்லை, விரல் வலிக்கிறது. இப்போது முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்குகிறேன். நம் ஊர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியையோ, திறன்பேசியில் ஏற்கெனவே இருக்கும் தமிழ் விசைப்பலகையையோ எல்லாரும் திறந்து, "என் ஊர்" என்று ஐந்து வரி எழுத வேண்டும். முடியாதவர்கள் பேசி ஒலியை எழுத்தாக மாற்றித் திருத்தலாம். அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எந்தக் கருத்துக்களத்தையும் திறக்காதீர்கள்.

மூன்றாவது, நாம் அதிகம் பேசிக் கெடுப்பது. ஆஸ்திரேலியாவின் சுவின்பர்ன் பல்கலைக்கழகத்தின் இயங்கலை வானியல் பாடங்களை ஆராய்ந்து மார்கரெட் மசோலினியும் சாரா மேடிசனும் 2003இல் எழுதினார்கள். ஆசிரியர் அடிக்கடி பதிவு போடுவதால் மாணவர் பதிவு கூடவில்லை. ஆசிரியர் எவ்வளவு அதிகம் எழுதினாரோ அவ்வளவுக்கு உரையாடல் இழைகள் குறுகின. ஆனால் அதிகம் எழுதிய ஆசிரியரை மாணவர்கள் ஆர்வமும் புலமையும் உள்ளவர் என்று கருதினார்கள். இது சிக்கலான இடம். பேசாமல் இருந்தால் "அம்மா எட்டியே பார்ப்பதில்லை" என்பார்கள், பேசினால் அதுவே முடிந்த முடிவாகிவிடும். நான் கண்ட வழி: முதல் மூன்று நாள் பதில் சொல்வதில்லை, கேள்வி மட்டும் கேட்பேன். "கெப்போங் தம்பி சொன்னதோடு ஒத்துப்போகாதவர் யாராவது உண்டா?" என்ற அளவில்.

கடைசி நாளில் கட்டாயம் எழுத வேண்டும். கனடாவில் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூவர் இயங்கலை வகுப்பு உரையாடல்களைப் பிரித்துப் பார்த்தபோது, கருத்துகளைக் கொட்டும் நிலையில்தான் பெரும்பகுதி நின்றது. ஒன்றிணைத்துத் தீர்வுக்கு வந்தவை கொஞ்சமே. நம் பிள்ளைகளும் அப்படித்தான். யார் என்ன சொன்னார்கள், எங்கே முரண்பட்டார்கள், எது இன்னும் முடியவில்லை என்று பெயர் சொல்லி ஆசிரியர் ஒரு பக்கம் எழுதினால்தான் சுற்று முடியும். அதையே அடுத்த விரிவுரையின் முதல் பத்து நிமிடமாக வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, செயற்கை நுண்ணறிவு. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு "கருத்துரைக்கவும்" வகைக் கேள்விகள் செத்துவிட்டன. தமிழிலும் ஒழுங்காக, உயிரில்லாமல், ஒரே மாதிரி வருகிறது. பிடித்துத் தண்டிக்கும் வேலையில் நான் இறங்குவதில்லை. வீட்டில் கேட்டு எழுது, கடைத்தெருவில் பார்த்து எழுது, முந்தைய பதிவில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதை மறுத்து எழுது என்று கேள்வியை மாற்றினேன். பாட்டியின் குரல் தாழ்ந்ததை இயந்திரம் எழுதிக் கொடுக்காது.

மதிப்பெண் பற்றி ஒன்று. மதிப்பெண்ணே இல்லையென்றால் ஆளே வரமாட்டார்கள். "மூன்று பதிவுக்கு மூன்று மதிப்பெண்" என்று எண்ணிக்கைக்குக் கொடுத்தால் "அருமை தோழி" கூட்டம் வரும். பருவம் முழுதும் எழுதியதில் தங்களின் சிறந்த இரண்டு பதிவுகளை மாணவரே தேர்ந்தெடுத்துக் கொடுக்கட்டும், அவற்றுக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள். உங்கள் மணிக்கணக்கும் குறையும்.

## புலனக் குழு

வாட்ஸ்அப்பை நாம் இங்கே புலனம் என்கிறோம். அதன் பெரிய பலம், எல்லாரும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற பேச்சே கிடையாது. தோட்டப்புறத்தில் லைன் ஒரு கோடுதான் இருந்தாலும் செய்தி எப்படியோ போய்ச் சேரும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பல வகுப்புகளைத் தாங்கிப் பிடித்தது இதுதான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. குரல் பதிவு இன்னொரு பலம். தட்டச்சு வராத பிள்ளை ஒரு நிமிடம் பேசி அனுப்பிவிடும்.

ஆனால் கலந்துரையாடலுக்கு அதை நம்பாதீர்கள். அங்கே வேகம்தான் வெல்லும். நீங்கள் எட்டு மணிக்கு ஒரு கேள்வி போட்டால் எட்டே காலுக்குள் நான்கு பேர் பேசி முடித்திருப்பார்கள். மிட்வேலி பேரங்காடியில் பகுதிநேர வேலை முடித்துப் பத்தரை மணிக்குத் திறன்பேசியை எடுக்கும் மாணவர் 96 செய்திகளைப் பார்ப்பார். அதில் நாற்பது "நன்றி அம்மா", இருபது கட்டைவிரல். நடுவே கிடக்கும் நல்ல கருத்தை அவர் தேடுவாரா? "ஆமாம்" என்று ஒரு சொல் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். கருத்துக்களத்தில் அதிகாலையில் எழுதிய அந்தப் பெண், புலனத்தில் எழுதவே மாட்டாள். எல்லாரும் பேசி முடித்த இடத்தில் நானூறு சொல்லைக் கொண்டுபோய்க் கொட்ட அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

மறைவான செலவு, குழுவில் இருக்கும் எல்லாருக்கும் எல்லாருடைய தொலைபேசி எண்ணும் தெரிவது. வகுப்பறையைத் தாண்டி ஒரு மாணவிக்குத் தேவையில்லாத செய்திகள் வரத் தொடங்கியதை நான் கண்டிருக்கிறேன். அந்தக் குழுவைத் தொடங்கியவள் நான் என்பதால் அதற்கு நானும் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். உங்கள் இரவும் போய்விடும். பதினொன்றே முக்காலுக்கு "அம்மா, மன்னிக்கவும், ஒரு சின்ன சந்தேகம்" என்று வரும். பதில் சொல்லாவிட்டால் மனம் கேட்காது, சொன்னால் அடுத்த நாள் மூன்று பேர் கேட்பார்கள்.

டெலிகிராம் இவற்றில் சிலவற்றைத் தீர்க்கிறது. எண்ணை மறைத்துக்கொண்டு பயனர் பெயரில் இருக்கலாம், பிறகு சேர்கிறவருக்குப் பழைய செய்திகளைக் காட்டலாம், ஒரே குழுவுக்குள் தலைப்பு தலைப்பாகப் பிரிக்கலாம். ஓட்டம் மட்டும் புலனத்தின் ஓட்டம்தான்.

புலனம் சிறந்த தேர்வாக இருக்கும் இடங்களும் உண்டு. அறை மாற்றம், தேதி நினைவூட்டல், களப்பணிக்குப் போகும் நாள். பத்துமலையில் தைப்பூச வழக்குச் சொற்களைச் சேகரிக்க மாணவர்கள் பிரிந்து போனபோது, கேட்ட சொல்லை அந்த நொடியே படமும் குரலுமாகக் குழுவில் போட்டார்கள். அதை எந்தக் கருத்துக்களத்திலும் செய்திருக்க முடியாது. ஆசிரியர் இல்லாத ஒரு மாணவர் குழு எப்படியும் இருக்கும். அதற்குள் நுழைய முயலாதீர்கள்.

## நேரலை வகுப்பு

சூம், டீம்ஸ், மீட் எதுவானாலும் கதை ஒன்றுதான். ஆசிரியர் விளக்கவும், மாணவர் உடனே சந்தேகம் கேட்கவும் நல்லது. கலந்துரையாடலில் பாதிக் கேமராக்கள் அணைந்திருக்கும், நான்கு பேர் பேசுவார்கள். சிறு அறைகளாகப் பிரித்தால் கொஞ்சம் தேவலாம். நீங்கள் ஓர் அறையில் இருக்கும்போது மற்ற அறைகளில் என்ன நடக்கிறது என்று தெரியாது, ஆகவே ஒவ்வோர் அறையும் எழுதித் தர வேண்டிய ஒன்றைக் கொடுத்தே அனுப்புங்கள். சூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் துண்டித்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இங்கே மறைவான செலவு வீடு. பிள்ளை எந்த அறையில் உட்கார்ந்து பேசுகிறது, பின்னால் யார் இருக்கிறார்கள், தம்பி தங்கையோடு ஒரே லைனைப் பகிர்கிறதா என்பது நமக்குத் தெரியாது. ஒரு முறை ஒரு பையனை விடாமல் "பேசுங்கள், பேசுங்கள்" என்று வற்புறுத்தினேன். அவன் மைக்கைத் திறந்தபோது உள்ளே யாரோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உடனே மூடிவிட்டான். அதன் பிறகு நேரலையில் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

ஒரு கேள்வியின் மீது எல்லாரும் ஒரே நேரத்தில் கலந்து முடிவெடுக்க வேண்டும், ஆட்கள் வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள் என்றால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

## நேரடி டுட்டோரியல்

இதைப் பழைய முறை என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு செய்யுளை இருபது பேர் நடுவில் உரக்க வாசித்துப் பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன். ஒருவர் சீர் பிரித்துத் தப்பாகப் படிக்கும்போது இன்னொருவர் முகம் சுளிப்பது, அதைப் பார்த்து அவர் தானே திருத்திக்கொள்வது, இதெல்லாம் திரையில் வராது. கோபம் வரக்கூடிய பேச்சையும் நேரில் வைப்பதே நல்லது. சாதி பற்றி, வீட்டில் தமிழ் பேசாதவர்கள் பற்றி எழுத்தில் பேசினால் சொல் அப்படியே தழும்பாக நின்றுவிடும். நேரில் என்றால் குரல் சமாளிக்கும், வகுப்பு முடிந்து காப்பிக் கடையில் சரியாகிவிடும்.

இதன் குறை எளிய கணக்கு. ஒரு மணி நேரம், இருபது பேர் என்றால் ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு மூன்று நிமிடம். உண்மையில் ஐந்து பேர் பத்துப் பத்து நிமிடம் பேசுவார்கள். பகுதிநேர மாணவருக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு மூன்று மணி நேரப் பயணச் செலவும் உண்டு.

நாற்பது பேர் வகுப்புக்கு, ஒரு சுற்றுக் கலந்துரையாடலுக்கு என் கையில் ஆகிற கணக்கு இது. உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

| வழி | ஆசிரியரின் நேரம் | அமுங்கிப் போகிறவர் | பதிவு |
|---|---|---|---|
| கருத்துக்களம் | நான்கு மணி நேரத்துக்கு மேல், விரும்பிய வேளையில் | தமிழ்த் தட்டச்சு வராதவர் | முழுதாக இருக்கும் |
| புலனம் | வாரம் முழுதும் துளித்துளியாக, இரவு உட்பட | வேலைக்குப் போகிறவர், மெதுவாக யோசிப்பவர் | இருக்கும், தேட முடியாது |
| நேரலை | ஒன்றரை மணி நேரம் | லைனும் தனியறையும் இல்லாதவர் | ஒளிப்பதிவு, யாரும் பார்ப்பதில்லை |
| நேரடி டுட்டோரியல் | இரண்டு குழுவாக இரண்டரை மணி நேரம் | கூச்சக்காரர், தூரத்தில் இருப்பவர் | குறிப்பெடுத்தால் உண்டு |

## சரி, அந்த இருவருக்கும்

பினாங்குத் தங்கைக்கு: கருத்துக்களம், ஆனால் வாராவாரம் வேண்டாம். எழுபது பேரை ஏழு குழுவாகப் பிரித்துக்கொள். பருவத்தில் மூன்றே சுற்று, கேள்வி பதில் வகை. முதல் வாரம் தட்டச்சு. முதல் சுற்றில் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா கடைப் பலகைகளில் இருக்கும் தமிழைப் படம் எடுத்துப் போட்டு, ஒரு பலகையைப் பற்றி எழுதச் சொல். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு எழுதுவதற்குக் கண்முன்னே ஒரு பொருள் வேண்டும். தீபாவளி வாரத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். மாற்று வகுப்பு என்று நேரலையில் கட்டி வைக்காமல் இரண்டாம் சுற்றை அங்கே வை. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுகிற கேள்வியாக இருக்கட்டும். புலனக் குழு அறிவிப்புக்கு மட்டும், இரவு எட்டு மணிக்கு மேல் பதில் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடு. மூன்று சுற்றுக்கும் சேர்த்து ஆறு மணி நேர இடுபணி ஒன்றைக் குறைக்கும்படி ஒருங்கிணைப்பாளரிடம் கேள். கற்றல் நேரக் கணக்கை எடுத்துக் காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மாலை வகுப்பு நண்பருக்கு: டுட்டோரியலை முழுதாக எடுத்துவிடாதீர்கள். தொலைவிலிருந்தும் வேலை பார்த்துக்கொண்டும் படிக்கிறவர்களுக்குக் கற்பிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971லேயே தொடங்கியது. உங்களுடைய இருபத்திரண்டு பேரும் பகலெல்லாம் பிள்ளைகளிடம் பேசிக் களைத்து வருகிறவர்கள். மாலையில் அவர்களுக்குத் தேவை சக ஆசிரியர் முகம். நான்கு டுட்டோரியலில் இரண்டைக் கருத்துக்களமாக மாற்றுங்கள். அந்த வாரம் தங்கள் வகுப்பறையில் ஒரு பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை, பெயர் இல்லாமல், எழுதிக்கொண்டு வரட்டும். "நேத்து நான் ஸ்கூலுக்கு வரலே, காய்ச்சலா இருந்தேன்" என்று ஒரு பிள்ளை சொன்னதை எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு ஆசிரியர்கள் அது பிழையா, வழக்கா என்று மூன்று நாள் எழுதுவார்கள். பிறகு வருகிற டுட்டோரியலில் அந்த இழையை அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டு நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். பேச்சை அவர்களே தொடங்கிவிடுவார்கள்.